உடல்நலமும் பொருளியலும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

பொருளியல், செல்வத்தின் ஆக்கத்தையும் பங்கீட்டையும் ஆராயும் நூல் என்பர். உடல்நலமும் ஒரு செல்வமாதலின், அஃது யார் யாருக்கு எவ்வளவு வாய்த்துள்ளது என்னும் வினாவும் அந்நூலின் எல்லைக்குள் அடங்குவதே. ஆயினும் இவ்வினாவைப் பொருளியலாளர் முறையாகக் கேட்கத் தொடங்கியமை அண்மைக் காலத்து நிகழ்ச்சியாகும். 1963இல் கென்னத் அரோ, மருத்துவச் சந்தை ஏனைய பண்டச் சந்தைகளைப் போன்றதன்று என்று காட்டினார். 1971இல் வேல்சு நாட்டிலே பணியாற்றிய மருத்துவரான ஜூலியன் ரியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவை மிக்க இடத்திற் குறைந்தும், தேவை குறைந்த இடத்தில் மிகுந்தும் கிடைப்பதை ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். 1980இல் வெளிவந்த பிளாக் அறிக்கை, இலவச மருத்துவம் ஏற்பட்டு முப்பதாண்டு கழிந்த பின்னரும் பிரித்தானிய மக்கள் வகுப்புகளிடையே சாவு வீதத்தின் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லையென நிறுவிற்று. அதன் பின்னர் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது.

இவ்வளர்ச்சியிலே இலங்கைக்கு ஒரு தனியிடம் உண்டு. குறைந்த வருமானத்துடன் நிறைந்த ஆயுளை எய்திய நாடென்று உலக அறிஞர் பலர் இதனைச் சுட்டிக் காட்டுவர். அப்புகழ் பொய்யன்று. ஆனால் அப்புகழைக் கேட்ட செவியோடு பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, பூனாகலைப் பகுதித் தோட்டங்களின் லயன்களுக்குச் செல்லும் ஒருவர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. அந்நூல்கள் கூறும் இலங்கையும் இம்மலைச்சரிவும் ஒன்றுதானா? பொருளியலாளர் எவற்றைக் கண்டனர், எவற்றைக் காணாது விட்டனர், விட்டமைக்கு அவர்தம் அளவுகோல் எவ்வளவு பொறுப்பு என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1. நாடும் சராசரியும்

இலங்கையைப் பற்றிய முதற் பெருவிவாதம் மலேரியாவைப் பற்றியதாகும். 1946இல் ஆயிரம் பேர்க்கு 20.3 ஆக இருந்த சாவு வீதம், 1947இல் 14.3 ஆகத் தாழ்ந்தது. ஓராண்டில் நிகழ்ந்த இவ்வீழ்ச்சிக்கு டி.டி.ரி. மருந்து தெளித்தமையே தலையாய காரணமென்று பீற்றர் நியூமன் 1965இல் வாதிட்டார். மீகம 1967இலும், கிரே 1974இலும், லாங்போர்ட் 1996இலும் அக்கருத்தை மறுபரிசீலனை செய்து, மருத்துவ வசதியின் பெருக்கம், உணவு முதலிய பிற காரணங்களுக்கும் இடங் கொடுத்தனர்.

இரண்டாவது விவாதம் அரசாங்கச் செலவைப் பற்றியது. 1981இல் அமார்த்திய சென், இலங்கை மக்களின் நீண்ட ஆயுளுக்கு வருமான வளர்ச்சியிலும் பொது நடவடிக்கையே காரணமென்றார். பல்லாவும் குளூவும் 1986இல் அதனை மறுத்தனர். சுதிர் ஆனந்தும் ரவி கன்பூரும் 1991இல் நீண்டகாலப் புள்ளிவிவரங்களைக் கொண்டு செனின் பக்கத்திற்கு வலுச் சேர்த்தனர். 1985இல் பெல்லாஜியோ நகரிற் கூடிய அறிஞர், சீனா, கேரளம், கொஸ்தாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் 'குறைந்த செலவில் நிறைந்த நலம்' பெற்ற நாடுகளின் வரிசையில் வைத்தனர்.

இவ்விவாதங்களின் தருக்க நுட்பம் பாராட்டற்குரியது. ஆயின் பெரும்பாலும் இவற்றின் அலகு நாடு. சில போது மாவட்டம். நாட்டுக்குள்ளே வேறொரு நாடுபோல் வைக்கப்பட்ட தோட்டம் இவற்றில் அருகியே தலைகாட்டுகின்றது. 1980இல் எழுதிய போல் ஐசன்மன், 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது நாட்டின் சாவு வீதம் உயர்ந்ததையும் அதன் சுமை தோட்டங்களில் மிகுந்திருந்ததையும் கவனித்தார். அஃது ஒரு விதிவிலக்கு எனலாம்.

சராசரி எதனை மறைக்கும் என்பதற்குக் கைகண்ட சான்றொன்று உண்டு. 2006/07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதார் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களில் 40.2. பத்தாண்டு கழித்து 2016இல் நடைபெற்ற ஆய்வில் நாட்டின் எண் மீண்டும் 17.3, தோட்டங்களின் எண் 31.7. முதலாம் ஆய்வில் வட மாகாணம் சேர்க்கப்படவில்லையாதலின் நாட்டெண்களின் ஒப்புமையைச் சிறிது தயங்கியே கொள்ளல் வேண்டும். ஆயினும் உண்மை வெளிப்படை. தோட்டத்துக் குழந்தையின் இடரையும் சராசரி காட்டவில்லை. அவ்விடர் ஒரு பங்கு குறைந்ததையும் அது காட்டவில்லை.

இதன் காரணம் எளிய கணக்கே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தோட்டத்துறையில் வாழ்வோர் மக்களுள் நூற்றுக்கு 4.4 பேர். குழந்தைகளின் பங்கும் அவ்வளவே எனக் கொண்டால், தோட்டத்துக் குறைபாடு 31.7இலிருந்து நாட்டின் அளவாகிய 17.3க்கு ஒரே நாளில் இறங்கினும், நாட்டின் சராசரி முக்காற் புள்ளிகூடக் குறையமாட்டாது. சராசரியை உயர்த்துவதே இலக்காகக் கொண்ட ஓர் ஆட்சிக்குத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அளவுகோல் நடுநிலையானது போலத் தோன்றினும், எவரைக் கைவிடுதல் எளிது என்பதையும் அதுவே தீர்மானித்து விடுகின்றது.

2. மருத்துவம் யாருடைய கடமை?

பொருளியலாளர் 'மருத்துவ வழங்கல்' என்று கூறுவது, தோட்டத்தைப் பொறுத்தவரை ஒரு சட்டத்தின் வரலாறு. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் முதன்முதற் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயே. அதனை ஆராய்தற்கு 1880இல் மார்சல் உவோட் என்னும் தாவரவியலறிஞர் வருவிக்கப்பட்டார். அதற்கு முன்னரே, 1872இல், கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இலையின் நோயும் ஆளின் நோயும் தோட்டக் கணக்கில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதப்பட்ட காலம் அது. 1912இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டமும் தொழிலாளர் நோய்கள் சட்டமும், நோயுற்ற தொழிலாளியைப் பேணும் பொறுப்பைத் தோட்டத்தின்மேல் உறுதியாகச் சுமத்தின.

இதன் விளைவு இருவகைத்து. அக்காலத்துக் கிராமவாசிக்கு இல்லாத ஒரு சட்டப் பாதுகாப்பு, தோட்டத் தொழிலாளிக்கு ஏட்டளவிலேனும் இருந்தது. அதே வேளை, அவனுடைய மருத்துவம் குடிமகனுடைய உரிமையாக வளராமல், வேலைகொள்வோனுடைய கடமையாகவே நின்றுவிட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கிராமத்து வாக்காளர் ஆஸ்பத்திரியையும் மருத்துவிச்சியையும் தம் பிரதிநிதிகளிடம் கேட்டுப் பெற்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனை அடுத்த சட்டங்களும் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கி, வாக்கையும் பறித்தன. ஆதலின் இலவச மருத்துவம் நாடெங்கும் பரந்த அவ்வாண்டுகளிலே, அதனைக் கேட்டுப் பெறுங் குரல் தோட்டத்திற்கு இல்லாது போயிற்று.

1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாத்திரி ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஏனையவை தோட்டத்திடமே எஞ்சின. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆயின் 'இது கம்பனியின் வேலையா, மாகாண சபையின் வேலையா, மத்திய அரசாங்கத்தின் வேலையா?' என்னும் வினா பல தோட்டங்களில் இன்றும் விடை பெறவில்லை.

இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவம், குடியிருப்பு, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை வேலைகொள்வோன்மேலே சுமத்திற்று. ஆயின் நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாற்றிலும் வாழ்ந்த தொழிலாளி வாக்குரிமை இழந்தவனல்லன். தோட்ட முறை ஒன்றாயினும் குடியுரிமை வேறுபட்டமையின் விளைவு யாது என்பதை இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டு அளத்தல் கூடும். வழங்கலைத் தூரத்தாலும் படுக்கை எண்ணிக்கையாலும் அளப்பதோடு நின்றுவிடின், அத்தூரம் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினா எழாமலே போகும்.

3. கொழுந்தின் நிறையால் அளந்த நலம்

தோட்டத்தைப் பொருளியல் நோக்கிலே நேர்முகமாக ஆராய்ந்தவர் இலர் என்று சொல்லவியலாது. ஆராய்ந்தனர்; ஆனால் எந்த வினாவோடு ஆராய்ந்தனர் என்பது கருதத்தக்கது.

1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிதியம் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிற்று. வெறுங்காலோடு நடக்கும் தொழிலாளரிடையே, மலகூடம் இல்லாத லயன்களில் அந்நோய் மலிந்திருந்தது. மருந்தூட்டினால் இரத்தம் ஊறும், இரத்தம் ஊறினால் உழைப்புப் பெருகும் என்பது துரைமார்க்குக் கூறப்பட்ட நியாயம். சோம ஹேவா இவ்வரலாற்றை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட நூலில், மருந்தை வரவேற்ற தோட்ட உரிமையாளர் மலகூடத்துக்கும் குடியிருப்புக்கும் பணஞ் செலவிடத் தயங்கியதையும், அத்தயக்கத்தால் ஒழிப்பியக்கம் நிலைத்த பயன் தராமற் போனதையும் எடுத்துக் காட்டுகின்றார். அப்பட்டறிவே பின்னர்ச் சுகாதாரப் பிரிவு முறைக்கு வழிகாட்டிற்று என்பதும் அவர் துணிபு. தோட்டத்திற் கற்ற பாடம் கிராமத்துக்குப் பயன்பட்டது. தோட்டம் பாடமாகவே எஞ்சிற்று. 2007இல் ஹொயிற் பிளீக்லி ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் றொக்பெல்லர் கொடையால் நடந்த அதே புழு ஒழிப்பை ஆராய்ந்து, பிள்ளைகளின் பள்ளி வரவும் பிற்கால வருமானமும் உயர்ந்தன என்று காட்டினார். அங்கே பிள்ளையின் எதிர்காலம் அளக்கப்பட்டது. இங்கே ஆளின் அன்றைய உழைப்பே பேசப்பட்டது.

இதன் தொடர்ச்சியாக அமைந்தது, எட்ஜட்டன், செனவிரத்தின முதலியோர் 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி. தேயிலைத் தோட்டத்து இரத்தசோகையுற்ற பெண்களுள் ஒரு சாரார்க்கு இரும்புச் சத்தும், மறுசாரார்க்கு வெற்று மருந்தும் கொடுத்து, நாள்தோறும் அவர்கள் கொய்த கொழுந்தின் நிறையை ஒப்பிட்டனர். இரும்புச் சத்துப் பெற்றார் மிகுதியாகக் கொய்தனர். இரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடத்தே பயன் மிகுந்து தோன்றிற்று. ஆராய்ச்சி முறையிற் குறை காண்டற்கில்லை. இரத்தசோகை சோம்பலன்று, நோய் என்று நிறுவியதால் தொழிலாளிக்கும் அது நன்மையே செய்தது.

ஆயின் அதன் தருக்கத்தை நீட்டிப் பார்த்தால் ஓர் இடர் தோன்றும். இரும்புச் சத்து வேண்டற்பாலது, கொழுந்து மிகுதலின் என்றால், கொழுந்து கொய்யாத கிழவிக்கும், பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தைக்கும், தோட்டத்திற் பேர் பதியாத இளைஞனுக்கும் அது வேண்டாவா? மிகுந்த கொழுந்தால் விளைந்த ஊதியத்தில் அப்பெண்ணின் பங்கு எவ்வளவு? றேச்சல் குரியன் 1982இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திலே துணை செய்யும். வயலுழைப்போடு வீட்டுழைப்பையும் சுமந்து, இறுதியில் உண்டு, கூலியைக் கையாளும் அதிகாரமும் குறைந்தவளாகத் தோட்டப் பெண் வாழும் நிலையை அவர் விரித்துரைத்தார். அவளுடைய நலத்தைக் கூடையின் நிறையால் அளக்கும் ஆராய்ச்சி, அவளை உற்பத்திக் காரணியாக்கி விடுகின்றது. அந்நலத்தை அவள் பொருட்டே வேண்டுதலும் பொருளியலுக்கு இயல்வதே.

4. 'அணுகல்' என்னும் சொல்

மருத்துவத்தை அணுகும் வாய்ப்பினைப் பெரும்பாலான ஆய்வுகள் இருவகையால் அளக்கும்: ஆஸ்பத்திரி எவ்வளவு தொலைவு, நோயுற்றார் எத்தனை முறை சென்றார். பதுளைப் பெரியாஸ்பத்திரி கட்டணம் வாங்குவதில்லை. தியத்தலாவை, பண்டாரவளை முதலிய இடங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உள. ஆதலின் விலை சுழியம், தூரம் மிதம் என்று கணக்கு முடிந்து விடும்.

வள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். மேற்கூறிய ஆய்வுகள் நடுவிலுள்ள இரண்டையும் எண்ணுகின்றன. முதலையும் இறுதியையும் எண்ணுவதில்லை. தோட்டத்தில் விலை மறைந்திருப்பது அவ்விரண்டிலேயே.

நோயாளிக்கு நேரும் விலையைக் கணக்கிடுவாம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு உடன்படிக்கையின்படி நாட்கூலி 730 ரூபா என்று சொல்லப்பட்டது. அதனுள் அடிப்படைக் கூலி 500, விலைப்பங்கு 30, வரவுக்கான ஊக்கத்தொகை 60, உற்பத்திக்கான தொகை 140. வழங்கிய வேலை நாட்களுள் நூற்றுக்கு 75 நாள் வந்தவர்க்கே வரவுத் தொகை உண்டு. ஒரு மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டதெனக் கொள்வோம். 19 நாள் வேலைக்குச் சென்றவர் வரவுத் தொகையாக 1,140 ரூபா பெறுவர். அவரே ஆஸ்பத்திரிக்குச் சென்றமையால் 18 நாள் மட்டும் வேலை செய்திருப்பின், அந்நாட் கூலியாகிய 530 ரூபாவோடு அந்த 1,140 ரூபாவும் போய்விடும். இலவச மருத்துவத்தின் விலை, பேருந்துக் கட்டணம் நீங்கலாக, 1,670 ரூபா. மூன்று நாள் அடிப்படைக் கூலியினும் மிகுதி. உடன் செல்லும் கணவனோ தாயோ இழக்கும் கூலி வேறு.

இவ்வரவுத் தொகை 2019ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நீக்கப்பட்டது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. ஆயினும் கொய்யவேண்டிய கிலோக் கணக்கை நிறைவு செய்யாதவர்க்கு அரைப்பேர் போடும் வழக்கம் இருக்குமளவும், பாதி நாளில் மருந்து வாங்கி வந்து பாதி நாள் வேலை செய்தல் எளிதன்று. மைக்கேல் குரோஸ்மன் 1972இல் அமைத்த புகழ்பெற்ற கோட்பாடு, ஒவ்வொருவரும் தம் நேரத்தை உழைப்புக்கும் நலம் பேணுதற்குமாகப் பகிர்ந்து கொள்கின்றனர் என்று கூறும். நேரத்திற்கு விலையுண்டு என்று கண்டது அக்கோட்பாட்டின் சிறப்பு. பிரட்டுக் களத்தில் விடியற்காலையிற் பேர் கொடுக்கும் பெண், தன் நேரத்தைத் தானே பகிர்ந்து கொள்கின்றாள் என்று கருதுவது அதன் குறை.

இவற்றோடு மொழியையும் சேர்த்தெண்ணல் வேண்டும். தமிழ் பேசும் மருத்துவிச்சியரும் தாதியரும் தோட்டப் பகுதிகளுக்குப் போதியவராக இல்லை என்பது பலரும் அறிந்ததே. நோவின் இடத்தையும் தன்மையையும் சொல்லால் உணர்த்த இயலாதவர்க்கு ஆஸ்பத்திரியின் வாயில் திறந்திருந்தும் பாதி மூடியதே.

வாழும் இடமும் நலத்தின் ஒரு கூறு. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. பலர் மண்ணுட் புதைந்தனர். அவ்விடம் இடருடையது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொந்த நிலமில்லாதார் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வர்? இக்கேள்வி எந்த அணுகற் குறியீட்டிலும் இடம்பெறவில்லை.

5. வரிசைப்படுத்தும் முறையின் குறை

இற்றைநாள் ஆராய்ச்சியின் தலைசிறந்த கருவி செறிவுக் குறியீடு ஆகும். மக்களை வறியாரிலிருந்து செல்வர் வரை வரிசைப்படுத்தி, நோயோ மருத்துவமோ எப்பக்கம் செறிந்துள்ளது என்று காட்டும் இதனை 1991இல் வாக்ஸ்ராவ், வான் டூர்ஸ்லர், பாச்சி ஆகியோர் ஆய்ந்து நிலைநாட்டினர். ஓவன் ஒடொனலும், கொழும்பில் இயங்கும் சுகாதாரக் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த ரவி ரன்னன்-எலியவும் பிறரும் 2007இல் ஆசிய நாடுகள் பலவற்றின் பொதுமருத்துவச் செலவை இம்முறையால் அளந்தனர். பல நாடுகளில் அச்செலவு செல்வர்பாற் சாய, இலங்கையில் அது பெரும்பாலும் சமனாகப் பரவியிருந்தது. வசதி படைத்தோர் வரிசையில் நிற்க மனமின்றித் தனியாரிடம் செல்வதும் இதற்கொரு காரணம். வறிய நாட்டில் நியாயமான பங்கீடு இயலும் என்பதற்கு இஃது அரிய சான்று.

எனினும் மூன்று தடைகளை எழுப்பலாம். முதலாவது, இம்முறையில் ஆஸ்பத்திரிக்குச் சென்ற ஒவ்வொரு வருகையும் ஒரே பெறுமதி உடையது. வணிகனின் வருகையும், மேலே கணக்கிட்ட கூலியிழப்போடு வந்த தொழிலாளியின் வருகையும் ஒன்றாகவே எண்ணப்படும். இரண்டாவது, சமமான பங்கு சமமான தேவையாளர்க்கே நீதியாகும். தேவையை அளக்க ஆய்வாளர் 'நோயுற்றீரா?' என்று கேட்பர். நாள்தோறும் முதுகு நோவோடு மலையேறுபவள் அதனை நோயென்று சொல்வாளா? கேரளத்தில் நோய் மிகுதியாகவும் பீகாரிற் குறைவாகவும் மக்களாற் கூறப்பட்டதைச் சுட்டி, இத்தகைய தன்கூற்று எத்துணைப் பிழைபடும் என்று சென் 2002இல் எச்சரித்தார். மூன்றாவது, வரிசை பணத்தால் அமைவது. ஒரே வருமானமுடைய கிராமவாசியும் தோட்டவாசியும் அதில் அருகருகே நிற்பர். ஒருவனுக்கு நிலமுண்டு, மற்றவனுக்கு இல்லை என்னும் வேறுபாடு அங்கே அழிந்து போகும்.

பண அளவுதானும் உறுதியானதா? அரசாங்கப் புள்ளிவிவரப்படி தோட்டத்துறையின் வறுமை 2002இல் நூற்றுக்கு 30.0, 2006/07இல் 32.0, 2009/10இல் 11.4, 2016இல் 8.8. வறுமைக்கோடு புதிதாக வரையப்பட்ட பின், 2019இல் 33.8. நாடு முழுவதற்கும் 2016இல் 4.1, 2019இல் 14.3. இவ்விரு ஆண்டுகளையும் நேரே ஒப்பிடல் ஆகாது, கோடு வேறு. ஆயின் 2016இன் கோட்டை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் தோட்ட வறுமை பெரும்பாலும் நீங்கிற்று என்று முடிவு கண்டன. கோட்டிற்குச் சற்று மேலே எவ்வளவு பேர் நெருங்கி நின்றனர் என்று அவை வினவியிருப்பின், அம்முடிவை இத்துணை எளிதிற் கூறியிரா.

6. முடிபு

மேற்கூறியவற்றால், இவ்வாராய்ச்சிகளைத் தள்ளிவிடல் வேண்டும் என்பது கருத்தன்று. 40.2 என்னும் எண்ணைக் கண்டு சொன்னவரும் அளந்தவரே. அளவை இல்லாவிடின் தோட்டத்தின் இடர், கேட்பாரற்ற புலம்பலாகவே நின்றிருக்கும். குறை, அளந்தமையில் இல்லை. பிறிதோரிடத்து மனிதர்க்கென அமைத்த அளவுகோலைத் தோட்டத்தின் மேல் அப்படியே வைத்தமையில் உள்ளது.

செய்யத்தக்கன சில உள. நாட்டின் சராசரியோடு தோட்டத்தின் எண்ணையும் ஒவ்வோர் ஆண்டும் தனித்து வெளியிடல் வேண்டும். புள்ளிவிவரத் திணைக்களம் தோட்டம் என்பதனை 20 ஏக்கருக்கு மேற்பட்டதும் பத்துக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரை உடையதும் என்று வரையறுக்கின்றது. அவ்வெல்லையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குச் சென்ற இளைஞரையும் பெண்களையும் பின்தொடர்ந்து ஆராய்தல் வேண்டும். மருத்துவத்தின் விலையிற் கூலியிழப்பையும் துணையாளின் இழப்பையும் சேர்த்தெழுதல் வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரி யார் பொறுப்பு என்பதற்குச் சட்டம் ஒரே விடை தருதல் வேண்டும்.

இப்பணிகளுட் பல, பெருநிதியங்கள் வந்து செய்ய வேண்டியனவல்ல. தோட்டத்தில் தமிழில் வினவவும், விடையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடவும், பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று அறியவும் வல்லார் வேண்டும். பொருளியலும் புள்ளிவிவரமும் பயிலும் நம் மாணவருள் மலைநாட்டினின்று வருவோர் இவ்வறிவைப் பிறப்பிலேயே பெற்றவர். வேற்று நாட்டார் வினாத்தாள் கொணர்ந்து எண்ணிச் சென்ற லயன்களை, அவர்கள் தம் வினாவோடு எண்ணத் தொடங்கும் நாளில் இத்துறை ஒருபடி உயரும். எண்ணப்படுவோர்க்கும் அதனாற் பயன் விளையும்.